அப்பாவுக்கு வந்த ‘டா’

எங்கள் வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள், ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான்தான். அப்பாவின் பட்டன் போனுக்கு வரும் குறுஞ்செய்திகள் எல்லாம் என் வாய் வழியாகத்தான் அவரைப் போய்ச் சேரும். அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அப்பா ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வெல்டர். அவரோடு ஜோடியாக வேலை பார்த்தவர் வங்காளத்திலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அப்பாவை “அண்ணே” என்பார். நாங்கள் அவரைச் சித்தப்பா என்போம். அவர் மீன்முள் எடுக்கும் வேகத்தை வேடிக்கை பார்க்கவே என் தம்பி அவர் பக்கத்தில் உட்காருவான்.

மனைவிக்குப் பிரசவம் என்று சித்தப்பா ஊருக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அங்கிருந்து பேசினால் லைன் அறுந்து அறுந்து போகும். செய்திதான் வந்து சேரும். அப்படி ஒன்று வந்தது. அப்பாவின் பெயர் செல்வராசு. நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னேன்: செல்வா டா, பெண் குழந்தை பிறந்திருக்கிறது, மனைவிக்கு உடம்பு சரியில்லை, வரப் பத்து நாள் ஆகும், கான்ட்ராக்டரிடம் சொல்லவும்.

அப்பா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று, அந்த ‘டா’வை நன்றாக அழுத்தியே படித்தேன்.

பாஷை தெரியாத பிள்ளை, ஏதோ எழுதியிருக்கும் என்றாள் அம்மா.

“பாஷ தெரியாதவனுக்கு அது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?” என்றார் அப்பா.

போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கான்ட்ராக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்து வந்த இரண்டு செய்திகளையும் படிக்க வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பள்ளியில் என் உயிர்த்தோழி என்னையே ‘டா’ போட்டுத்தான் கூப்பிடுவாள். கோபம் வந்தால்தான் ‘டி’.

ஐந்தாம் நாள், சித்தப்பாவின் ஊர்க்காரர் ஒருவர், அதே ஆலையில் பெயின்ட் அடிப்பவர், வீடு தேடி வந்தார். கான்ட்ராக்டர் வேறு ஆள் பார்க்கிறாராம். அண்ணனிடமிருந்து பதிலே வரவில்லை என்று அங்கே அவன் அழுகிறானாம். பேச்சின் நடுவே அவர் அப்பாவை “செல்வாதா” என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து, அது என்ன என்று கேட்டார்.

“எங்க ஊர்ல அண்ணன்னா தாதா. பேர் கூட சேத்தா, தா. மரியாதைங்க.”

ஆங்கில எழுத்தில் ‘தா’வும் ‘டா’வும் ஒன்றுதான். பேச்சில் எங்கள் ஊர் அண்ணனைப் பழகிக்கொண்ட சித்தப்பா, எழுதும்போது தம் ஊர் அண்ணனையே எழுதியிருக்கிறார். தாதா என்றால் இங்கே ரவுடியாச்சே என்று அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கான்ட்ராக்டர் வீட்டுக்குப் போனார்.

பொழுது சாயும்போது திரும்பினார். சித்தப்பா வரும்வரை இரண்டு ஆள் வேலையையும் தானே பார்ப்பதாகச் சொல்லி, அந்த இடத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார். மெதுவாக வா, மனைவியைப் பார்த்துக்கொள், உன் வேலை எங்கேயும் போகாது என்று என்னைப் பதில் எழுதச் சொன்னார். பாசமாக இருக்குமே என்று, கடைசியில் ஒரு ‘டா’ போடட்டுமா எனக் கேட்டேன்.

அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“தம்பின்னு போடு பாப்பா,” என்றார்.

இத்தனூண்டு எழுத்துக்கா ஐந்து நாள் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். உடையார்பாளையத்துப் பக்கம் முந்திரிக் காட்டில் அப்பாவின் அப்பா கூலி வேலை பார்த்த முதலாளி வீட்டில், பால்குடி மறக்காத பிள்ளைகள்கூட அவரை ‘டா’ போட்டுத்தான் கூப்பிட்டார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. நரைத்த தலையோடு அவர் “தோ வரேன் சாமி” என்று ஓடியதை, என் வயதில் அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும்.