மோர்டனில் ஒரு பாலைவன வீடு

வீட்டுப் பிளான் கீறும் தொழிலில், ஆட்கள் நம்மிடம் வீடு கேட்டு வருவதில்லை. வேறு யாரோ ஒருவருடைய வீட்டின் போட்டோவோடு வருகிறார்கள். சொந்தச் சனத்துக்கு வேலை செய்து நொந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் அமெரிக்கப் பாலைவனத்து உல்லாச ஊர் ஒன்றில், ஐம்பதுகளில் கட்டிய வீடுகளைத் திருத்தும் வேலை பல வருடம் பார்த்துவிட்டு லண்டனுக்குத் திரும்பியவன். தட்டைக் கூரை, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, சுவர் என்பது பேருக்குத்தான். இதைக் கேள்விப்பட்டு முதலில் வந்தவர் தெற்கு லண்டனில், மோர்டனில் இருக்கும் அல்பிரட் அண்ணை. மருமகனின் கலியாணத்துக்கு அந்த ஊருக்குப் போய் மயங்கி வந்தவர். வீட்டின் பின்பக்கம் நீட்டிக் கட்டும் ஹோல் அப்படியே வேண்டுமாம். அவர் மனைவி திரேசா அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: திருஇருதய ஆண்டவர் படம் மாட்ட ஒரு சுவர்.

நிழல்

பாலைவனத்தில் கூரையை வெளியே நீட்டுவது வெயில் ஆளைச் சுட்டுப்போடும் என்பதால். அந்த நீட்டல் தனக்கும் வேண்டும் என்றார் அண்ணை. மோர்டனில் வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது தின்றுவிடும், பட்டப்பகலில் லைட் போடவேண்டி வரும் என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார். தூறிக்கொண்டிருந்தது.

"தம்பி, வெயில் வந்தாப்பிறகு ஓடித் திரியேலாது. முதலே நீட்டி வைப்பம்."

பூக்கல்

ஓட்டை ஓட்டையாகப் பூப்போட்ட சீமெந்துக் கல்லால் கட்டிய மதில் ஒன்றின் போட்டோவை அண்ணை பெரிதாக்கிக் காட்டினார். எங்கட சனம் இப்படி ஒரு அழகைக் கனவிலும் கண்டிராது என்றார். அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"உது எங்கட மன்னார் வீட்டுக் குளிக்கிற அறைச் சுவரெல்லே. இதைப் பார்க்கவோ பிளேன் ஏறினனீங்கள்?"

படம்

பிளானில் மூன்று பக்கமும் கண்ணாடி; நாலாவது பக்கம் சமைக்கிற குசினியோடு திறந்தபடி. அக்கா விரலை வைத்துச் சுவரைத் தேடினார். வாடகை வீடு மாறித் திரிந்த காலத்தில், கட்டிலைப் பூட்டமுதலே ஆணியடித்து மாட்டிய படம் அது. பின்னேரச் செபம் அதன் முன்னால்தான். சுவர் வைத்தால் ஸ்டைல் செத்துப்போகும் என்றார் அண்ணை. நானும் தலையாட்டினேன், தொழில் தர்மம். படத்தைக் கண்ணாடியிலேயே ஒட்டலாமே என்று அண்ணை சமாதானம் சொன்னார்.

"ஒட்டினால் எனக்கு முகம் தெரியும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரிக்கு ஆண்டவற்றை முதுகுதான் தெரியும்."

சாப்பாடு

கட்டட வேலையை எடுத்தவர் கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் இருக்கும் ராசன். அண்ணை ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் பார்க்கப் போனேன். கண்ணாடி வரவேண்டிய ஒரு பக்கத்தில் செங்கல் சுவர் நெஞ்சளவுக்கு எழும்பி நின்றது. அதற்குப் பக்கத்தில் ராசன் புட்டும் மீன்குழம்புமாக இருந்தார். பிளானை விரித்துச் சண்டைக்குப் போனேன். அவர் விரலை நக்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"பிளான் உங்கட. வீடு அண்ணையிட. ஆனா சமைச்சுப் போடுறது அக்கா."

மந்திரிப்பு

சுவரைக் கண்ட அண்ணை உடைக்கச் சொன்னார். ராசன் உடைக்கவில்லை. வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கப் பாதர் வந்த அன்று, மற்ற இரண்டு பக்கக் கண்ணாடிக்கும் அக்கா தடித்த திரை போட்டிருந்தார். பாதரும் கோயில் பங்குச் சனமும் அந்தச் சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்து முழந்தாளிட்டார்கள். எழும்பும்போது பாதர் சுவரைத் தட்டி, நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்றார். அக்கா வாய் திறக்கமுதல் அண்ணை முந்திக்கொண்டார்.

"ஓம் பாதர். தம்பி கண்ணாடிதான் போடவேணும் எண்டு நிண்டவர். நான் விடேல்லை."

நான் கீறிய அந்த வீட்டில் அன்று எல்லோரும் முழந்தாளிட்டது, நான் கீறாத சுவருக்கு முன்னால் மட்டும்தான்.