மாப்பிள்ளை எடுத்த மந்திரம்

மெத்தைக் கடை மாப்பிள்ளைக்குப் பெயர் இல்லாமல் இல்லை. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. மாமனார் மாப்பிள்ளை என்றார். கடைக்கு வந்தவர்கள் அதைக் கேட்டு மாப்பிள்ளை என்றார்கள். எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரரும் அப்படியே. கடைசியில் தபால்காரர்கூட, "மாப்பிள்ளை, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ஆரம்பித்துவிட்டார். ஒரு தெரு முழுக்க மாப்பிள்ளையாக வாழ்வது லேசுப்பட்ட வேலையில்லை. யாரிடமும் முகம் சுளிக்க முடியாது.

அவன் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். சுழலும் இரும்பில் உளியை வைத்தால் மயிரிழை பிசகாது. பட்டறையை மூடிய பிறகு, "வேற வேலை கிடைக்கிற வரைக்கும் கடையில கூடமாட இருங்களேன் மாப்பிள்ளை" என்றார் மாமனார். கூடமாட இருக்க வந்தவன் இருந்தான், இருந்தான், மகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் இருந்தான். குடியிருப்பது கடைக்கு மேல் மாடியில். படி கடைக்கு நடுவில் இறங்குகிறது. பால் வாங்கப் போனாலும் மாமனார் நாற்காலியைத் தாண்டித்தான் போகவேண்டும், தாண்டித்தான் வரவேண்டும்.

கடைக்குள் கூரைவரை மெத்தை. நடுவில் ஒரு சந்து. அதில் நேராக நடக்க முடியாது, பக்கவாட்டில் நடக்கவேண்டும். பஞ்சுத்தூசி மூக்கில் குடித்தனம் நடத்தும். வெளிச்சத்துக்கு நாள் முழுக்க ஒரு குழல் விளக்கு, அதுவும் முனகிக்கொண்டே எரியும். அங்கே என்ன பேசினாலும் குரல் மெத்தைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மாப்பிள்ளை சில சமயம் சந்தின் கோடியில் நின்று, எதற்கென்று தெரியாமல், கையை இரண்டு பக்கமும் விரித்துப் பார்ப்பான். முழங்கை மடங்கின நிலையிலேயே இரண்டு பக்கமும் இடிக்கும்.

மாமனார் கெட்டவர் என்றால் கதை சுலபம். கத்துகிற மாமனாரிடம் கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கலாம். இவர் குரலை உயர்த்தியதே இல்லை. மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்தால் மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவிடுவார். இந்த மாதிரி மனிதரிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு "நான் போறேன்" என்று சொல்வது?

சொல்லித்தான் ஆகவேண்டும் என்ற நிலைமை வந்தது. பழைய பட்டறைக் கூட்டாளி வேறு ஊரில் சொந்தமாக லேத் போட்டிருந்தான். குடும்பத்தோடு வந்து தங்க வீடும் பார்த்து வைத்திருந்தான். "திங்கட்கிழமை காலையில எனக்குப் பதில் வேணும்டா. இல்லைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன். இந்தத் தடவை நிஜமாவே" என்றான். முந்தின தடவையும் கூப்பிட்டவன்தான். அப்போது மாப்பிள்ளை யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, யோசித்துக்கொண்டே இருந்துவிட்டான்.

மனைவிக்குப் போக சம்மதம். "ஆனா அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா, நான் உங்களை இழுத்துக்கிட்டுப் போறதா ஆகிடும்" என்றாள்.

அந்த வாரம் அவன் முயற்சி பண்ணாத நாளில்லை. "மாமா, ஒரு விஷயம்…" என்பான். "சொல்லுங்க மாப்பிள்ளை" என்று மாமனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுசாகத் திரும்புவார். அவர் அப்படி முழுசாகத் திரும்புவதுதான் வினை. "அந்தப் பெரிய மெத்தை உறையில ஒரு ஓரம் கிழிஞ்சிருக்கு" என்று மென்று முழுங்குவான். அந்த வாரத்தில் கிழியாத உறையெல்லாம் கிழிந்ததாகச் சொல்லி முடித்தான்.

அவனுக்கு மூச்சுவிட ஒரே இடம், ஞாயிறு மத்தியான ஆட்டம்.

பக்கத்துத் தெரு மூக்குக்கண்ணாடிக் கடையில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். கடையில் லென்ஸ் பொருத்துகிற பெண்தான் கதைக்காரி. அவள் கதை சொல்லிக்கொண்டே போவாள், மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்டினால், விழுகிற எண்தான் தலைவிதி. மருந்துக்கடைக்காரர் அதில் வைத்தியர். மனைவியின் தம்பி, அதாவது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மச்சான், அதில் திருடன். மாப்பிள்ளை மந்திரமும் தெரிந்த போர்வீரன். முழு வீரன் அளவுக்கு வெட்டத் தெரியாது, முழு மந்திரவாதி அளவுக்கு மந்திரமும் கிடையாது. மச்சான் அந்த வேடத்துக்கு இரண்டுங்கெட்டான் என்று செல்லப்பெயர் வைத்திருந்தான். வேடத்துக்கா வேடக்காரனுக்கா என்று யாரும் விசாரிக்கவில்லை.

இத்தனை காலத்தில் அந்த வீரன் படிப்படியாக ஏறி, படிக்கொரு மந்திரமாகச் சேர்த்து வைத்திருந்தான். ஒவ்வொன்றையும் மாப்பிள்ளை பெண் பார்க்கிற மாதிரி நாள்கணக்கில் யோசித்து எடுத்தான். உறங்க வைக்கிற மந்திரம், இருட்டில் ஒளி வரவழைக்கிற மந்திரம், பொய் உருவம் காட்டுகிற மந்திரம். எடுத்தானே தவிர, ஒன்றைக்கூட இன்றுவரை போட்டதில்லை. மெத்தைச் சந்தில் பக்கவாட்டில் நடந்துகொண்டே அவற்றை நினைத்துப் பார்ப்பதோடு சரி.

இந்த ஞாயிறு அவன் வேடம் இன்னும் ஒரு படி ஏறியிருந்தது. புது மந்திரம் எடுக்கவேண்டும். வாரம் முழுக்க மாமனாரிடம் சொல்ல முடியாமல் தவித்த நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் அந்த யோசனைதான். உட்கார்ந்ததும் மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார்.

"இரும்புத் தோல் எடுங்க மாப்பிள்ளை. இன்னும் நல்லா அடி தாங்குவீங்க."

"தீப்பந்து எடுங்க அத்தான்" என்றான் மச்சான். "ஒரு தடவையாவது எதையாவது கொளுத்துங்க. பார்க்க ஆசையா இருக்கு."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தான். சுற்றிலும் முகம் பார்க்கிற கண்ணாடிகள், எல்லாவற்றிலும் அவனே உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தான். "தாவல்" என்றான்.

தாவல் என்றால், கண்ணுக்குத் தெரிகிற ஓர் இடத்துக்குக் கண்மூடித் திறப்பதற்குள் போய் நிற்பது. சுவரோ ஆளோ மறித்தாலும் தடையில்லை. போடுகிறவன் மட்டும்தான் போவான். கூட இருக்கிறவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

"அப்ப சண்டையில எங்களுக்காக வாசலை மறிச்சு யாரு நிப்பா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அதை அப்புறம் பார்க்கலாம்" என்றாள் கதைக்காரி. "உங்க ஆள் இதை எங்க கத்துக்கிட்டார்?"

இது அவள் மேஜையில் மட்டும் உள்ள சட்டம். ஆட்டப் புத்தகத்தில் இருக்கிற மந்திரப் பட்டியலைப் பார்த்து இது வேண்டும் என்று விரலை நீட்டினால் தரமாட்டாள். வேடக்காரன் அதை எங்கே, எப்படிக் கற்றான் என்று சொல்லவேண்டும். சொல்வது அவளுக்கு நம்பும்படியாக இருக்கவேண்டும். மச்சான் ஒரு தடவை கனவில் வந்தது என்று சொல்லிப் பார்த்து, வெறுங்கையோடு உட்கார்ந்தான்.

"வாசல்ல நின்னே கத்துக்கிட்டான்" என்றான் மாப்பிள்ளை. "எப்பவும் இவங்களை உள்ள விட்டுட்டு அவன்தான் வாசலை மறிச்சு நிப்பான். எதிரி முன்னாடி நிக்கிறான்ல, அவன் தோளுக்குப் பின்னாடி கொஞ்சம் வெளிச்சம் தெரியும். ஒரு ரோடு தெரியும். அடி வாங்கிக்கிட்டே அதைப் பார்ப்பான். அடுத்த சண்டையிலயும் அதைத்தான் பார்ப்பான். பார்த்துப் பார்த்து, இப்ப கண்ணை மூடினாலே அங்க போய் நிக்கிற மாதிரி…" சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

யாரும் சிரிக்கவில்லை. கதைக்காரி பேனாவைக் கீழே வைத்தாள். "நம்புறேன். ஆனா ஒண்ணு கேக்கணும். இதுக்கு முன்னாடி எடுத்த மந்திரம் எதையாவது அவர் போட்டிருக்காரா?"

"இல்ல."

"ஏன்?"

"போடறதுக்கு ஒரு கை காலியா இருக்கணுமே. ஒரு கையில வாள், ஒரு கையில கேடயம்."

"கேடயத்தைக் கீழ போட்டிருக்கலாம்."

"போட்டா இவங்களுக்கில்ல அடி விழும்."

"சரி, அவரை அங்க நிக்கச் சொன்னது யாரு?"

மாப்பிள்ளை மருந்துக்கடைக்காரரைக் கைகாட்டினான். அவர் திடுக்கிட்டுப் போனார்.

"நானா? எப்பச் சொன்னேன்?"

"முதல் ஆட்டத்துல. கொஞ்சம் மறிச்சு நில்லுங்க, இவனுக்கு ஒரு கட்டுப் போட்டுடறேன்னு."

"அடக் கடவுளே, அது அன்னைக்குச் சொன்னது மாப்பிள்ளை. கட்டுப் போட எவ்வளவு நேரம் ஆகும்?" அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க போய்ப் போய் முன்னாடி நிக்கிறீங்களேன்னு, படி ஏறும்போதெல்லாம் நான் காயம் ஆத்துற மந்திரமாவே எடுத்து வச்சுக்கிட்டிருக்கேன். எனக்கென்ன தலையெழுத்தா? வாரம் பூரா கடையில மருந்து, இங்க வந்தாலும் மருந்து. இடி, மின்னல்னு நானும் எதையாவது எறிஞ்சு பார்க்க ஆசைப்பட்டவன்தான். உங்களுக்காகத்தான் பேசாம இருந்தேன்."

மச்சான் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கதைக்காரியும் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு மாமனாரின் நாற்காலி ஞாபகம் வந்தது. அவன் மச்சான் பக்கம் திரும்பினான்.

"உங்க அப்பாவுக்கு அந்தக் கடை பிடிச்சிருக்கா?"

மச்சானின் சிரிப்பு பாதியில் நின்றது. "அதை அப்பாகிட்டயே கேளுங்க அத்தான்" என்று பகடையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டான். "எனக்கு எதுக்கு வம்பு?"

மாப்பிள்ளை எழுந்தான். ஆட்டத்தின் நடுவில் அவன் எழுந்துபோனது அதுதான் முதல் தடவை. பாதி இறங்கிய ஷட்டரில் குனியாமல் போய் நெற்றியில் இடித்துக்கொண்டு, அதைத் தேய்த்தபடியே வேகமாக நடந்தான். நின்று யோசித்தால் அவ்வளவுதான், மறுபடியும் ஏதாவது உறை கிழிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஆனாலும் மாமனார் கடைக்குள்தான் நாற்காலியில் உட்கார்ந்து, மூட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்ன மாப்பிள்ளை, நெத்தியில?" என்று எழப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல மாமா, உக்காருங்க." அவன் வந்த வேகத்திலேயே கேட்டான். "இந்தக் கடையை யாருக்காக நடத்துறீங்க?"

"என்ன திடீர்னு?"

"சொல்லுங்க மாமா."

மாமனார் தைலப் புட்டியை மூடினார். "யாருக்காகன்னா… உங்களுக்காகத்தான்" என்றார், தயங்கித் தயங்கி. "பட்டறை மூடினப்ப நீங்க வந்து அந்த மூலையில உக்காந்திருந்தீங்க. முகத்தைப் பார்க்க முடியல. நான் அப்பவே கடையை மூடிடணும்னு இருந்தவன். மூட்டு போயிடுச்சு, தூசியில இழுப்பு வேற. ஆனா மூடினா நீங்க எங்க போவீங்க? மாமனார் வீட்டுல சும்மா உக்காந்திருக்கார்னு நாலு பேர் சொல்லுவாங்க. அது உங்க காதுல விழக்கூடாதுன்னு நினைச்சேன்."

"நான் உங்களுக்காகத்தான் இருந்தேன் மாமா. ஒத்தை ஆளா மெத்தையைத் தூக்க முடியாம கஷ்டப்படுவீங்களேன்னு."

"நான் கேக்கலையே மாப்பிள்ளை."

"நானும் கேக்கலையே."

மாப்பிள்ளைக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் புரியவில்லை. அவனைப் பிடித்து வைத்திருந்தவர் என்று யாரும் இல்லை. இழுப்புக்காரக் கிழவரைத் தூசிக்குள் உட்கார வைத்திருந்தது அவன்தான். அவன் நல்லவனாக இருந்த ஒவ்வொரு நாளும் அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அவர் நல்லவராக இருந்த ஒவ்வொரு நாளும் அவனுக்கு.

"பழைய கூட்டாளி லேத் போட்டிருக்கான்" என்றான். "குடும்பத்தோட வரச் சொல்றான். நாளைக் காலையில பதில் சொல்லணும்."

"நாளைக்கு எதுக்கு? இப்பவே போன் போடுங்க" என்றார் மாமனார். சொன்ன வேகத்தில் இருமல் வந்துவிட்டது.

அவன் அவர் எதிரிலேயே போன் போட்டான். "வர்றேன்டா" என்றான். அந்தப் பக்கம் கூட்டாளி ஏதோ கிண்டல் பண்ணிவிட்டு, சாமான் ஏற்ற வண்டி அனுப்புவதாகச் சொன்னான். இத்தனை வருஷம் வாய்க்குள் கிடந்த விஷயம், ஒரு போனில் முடிந்துபோனது. வைத்துவிட்டு மாப்பிள்ளை சந்தோஷம் வரும் என்று காத்திருந்தான். இடித்த நெற்றிதான் வலித்தது.

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கூரைவரை இருந்த மெத்தைகளை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப நாளைக்குக் கடை திறக்க வேண்டாம்."

"வேண்டாம் மாமா. உங்க உடம்பைப் பாருங்க."

"ஆமாமா. அதான் சரி" என்று தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, புது ஊரில் இறங்கினவர் வழி கேட்கிற மாதிரி, அடக்கமாகக் கேட்டார்.

"காலையில எழுந்து நான் எங்க போறது மாப்பிள்ளை?"

கேட்டுவிட்டு, பதில் வரும் என்று நம்பி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.