பயிற்றுநர் குலசிங்கத்தின் வலது தோள்

என் அப்பா குலசிங்கம் இரண்டு முறை தேசிய ஜிம்னாஸ்டிக் சாம்பியன். 1971, 1973. உயரத்தில் கிடையாகக் கட்டிய இரும்புச் சட்டத்தைப் பிடித்து முழுச் சுற்றுச் சுழல்வதில் அவருக்கு நிகர் இல்லை. வெளிநாட்டுப் போட்டிக்கு அணி போனது, அவரைச் சேர்க்கவில்லை. காரணம் எழுத்தில் தரப்படவில்லை. திருகோணமலைக்குத் திரும்பி ஒரு கல்லூரியில் பயிற்றுநரானார். துறைமுகத்தில் கழித்துவிட்ட உருக்குக் கம்பியை இருபத்தெட்டு மில்லிமீற்றர் தடிப்புக்குக் கடைவித்து, தானே சட்டம் அமைத்தார்.

சட்டத்தில் தொங்குகிறவர்களின் உள்ளங்கை காய்க்கும். காய்ப்புத் தடித்தால் தோல் கிழியும். ஆகவே வெள்ளிதோறும் பொடியன்கள் அரத்தாளால் கையைத் தேய்ப்பார்கள். யுத்தத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. சோதனைச் சாவடிகளில் இராணுவத்தினர் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். காய்த்த கை என்றால் ஆயுதப் பயிற்சி எடுத்தவன் என்று பிடிப்பார்கள்.

1997இல், மாகாணப் போட்டிக்கு முந்திய வெள்ளி, தேய்க்க வேண்டாம் என்றார் அப்பா. புதிதாகத் தேய்த்த கை சட்டத்தில் எரியும். அது அவருடைய பிழை. மறைக்கமாட்டேன். கட்டைபறிச்சானில் வீட்டுக்குப் போய்விட்டு மூதூர் லோஞ்சுப் படகில் திரும்பிய மாணவன் குணரத்தினத்தை இறங்குதுறையில் கையைப் பார்த்துப் பிடித்தார்கள். வயது பதினேழு.

அப்பா அதிபரிடம் ஓடினார். அவன் கல்லூரி அணியில் இருக்கிறான் என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும்.

"மாஸ்டர், நீங்கள்தானே தொங்கப் பழக்கினனீங்கள். நீங்களே இறக்குங்கோ. என்னை இதுக்குள்ள இழுக்காதையுங்கோ."

"அவன் உங்கட பள்ளிக்கூடத்துப் பிள்ளை, சேர்."

"ஓம். அதுதான் எனக்குப் பயம்."

மறுநாள் கடிதம் இல்லாமலே முகாமுக்குப் போனோம். எனக்குச் சிங்களம் தெரியும், அது சட்டத்தில் தொங்கி வந்த காய்ப்பு என்று அப்பா சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி அப்பாவின் சான்றிதழைப் பாதி பார்த்தார். சிப்பாய்கள் தொங்கிப் பழகும் கம்பியைக் காட்டி, "மாணவன் செய்யட்டும்" என்றார். குணரத்தினத்தைக் கொண்டுவந்தார்கள். விரல்கள் வீங்கியிருந்தன. மடங்கவில்லை.

"ஏலாது மாஸ்டர்."

"தெரியும். நீ இரு."

அப்பா சட்டையைக் கழற்றினார். வயது ஐம்பது. நான் இயந்திரப் பொறியியலாளர், கணக்குத் தெரியும். சுற்றின் அடியில் கைகளில் விழும் இழுவை உடல் எடையின் நான்கு மடங்கு. அவர் அறுபத்திரண்டு கிலோ. முகாம் கம்பி அளவுக்கு மீறித் தடிப்பு, துரு வேறு. மூன்று சுற்று. மூன்றாவதில் வலது தோள் கிழிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இறங்கி, கால்களைச் சேர்த்து, அசையாமல் நின்றார். சிப்பாய்கள் கைதட்டினார்கள்.

"இன்னொரு முறை" என்றார் அதிகாரி.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவருடைய கை போய்விட்டது, பொடியனை விடுங்கள் என்று சிங்களத்தில் நானே சொன்னேன். பின்னேரம் விட்டார்கள்.

அதன்பின் அப்பாவின் கை தோளுக்கு மேல் எழவில்லை. விழும் பிள்ளையை ஏந்த முடியாதவர் பயிற்றுநராக இருக்க முடியாது என்று எழுதி, ஆறு மாதத்தில் அதே அதிபர் அவரை நிறுத்தினார். அந்தக் கடிதத்துக்கு மட்டும் அவருக்குப் பேனா கிடைத்தது.

போன மாசியில் அப்பா இறந்தார். செத்தவீட்டில் அதே அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்து, "பயிற்சியின்போது நேர்ந்த ஒரு விபத்தினால் எம்மைவிட்டு ஒதுங்கிய மாஸ்டர்" என்று தொடங்கினார்.

குணரத்தினம் கதிரையை விட்டு எழுந்தான். "பொய் சொல்லாதையுங்கோ சேர். நான் அங்க நிண்டனான்."

அவர் நிறுத்தவில்லை. குரலை உயர்த்தினார். நான் போய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினேன். மிச்சத்தைக் குணரத்தினம் வெறும் குரலில் சொல்லி முடித்தான்.