சாமுண்டீஸ்வரி வந்துகீறேன்

கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே கையை மேலே விட்டுத் துழாவி ஒரு சங்கரா மீனை எடுக்கிறாள் சாமுண்டீஸ்வரி. செவுளைப் பிளந்து, வாங்க வந்தவரின் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். சிவப்பாக இருக்கிறதா, இல்லையா? பேரமெல்லாம் நின்றபடியே முடிந்துவிட வேண்டும். "எறக்கினா வாங்கிடணும். சும்மா ஏத்தி ஏத்தி எறக்க என் தல இன்னா லிப்டா?"

சிட்லபாக்கம் ஏரியை ஒட்டிய அந்தத் தெருவின் கோடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். விடிவதற்குள் மின்சார ரயிலேறிப் போய் காசிமேட்டில் மீன் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் தெருவுக்கு வந்துவிடுவாள். அப்புறம் சேலையூர் வரை ஒரு சுற்று. கூடை காலியாகும்வரை வீடு பூட்டித்தான் கிடக்கும். காலுக்குச் செருப்பு இல்லாமல் போனாலும் போவாள், கொண்டைக்குப் பூ இல்லாமல் போகமாட்டாள். மீன் நாற்றத்தில் பூ எதற்கு என்று ஒருத்தி கேட்டாளாம். "பூ எனக்கு, நாத்தம் உனக்கு" என்று சொல்லிவிட்டு இவள் நடந்துகொண்டே இருந்தாள்.

பிறந்தது கடலோரக் குப்பத்தில். சுனாமி வீட்டைக் கொண்டுபோன மறு வருஷம் இங்கே வந்தாள். கணவன் லோகு மட்டும் கடலை விட மனசில்லாமல் குப்பத்திலேயே அண்ணன் வீட்டில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை தோறும் வந்து போகிறான். ஓட்டு விஷயத்தில் சும்மா சொல்லக்கூடாது, ஒரு தேர்தலைக்கூட அவள் விட்டதில்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு வரிசையில் போய் நின்றவள். யாருக்குப் போட்டாய் என்று லோகுவும் ஒவ்வொரு தடவையும் கேட்டுப் பார்க்கிறான். பதில் வந்தபாடில்லை.

இரண்டாயிரத்து ஆறு சட்டமன்றத் தேர்தல் நெருங்கியபோது குப்பத்துப் பட்டியலில் இவள் பெயரை எடுத்துவிட்டார்கள். குடி மாறிப் போனவளுக்கு அங்கே ஓட்டு கிடையாது, நியாயம்தானே. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே பள்ளிக்கூடத்தில் நடந்த வாக்காளர் சேர்ப்பு முகாமுக்குப் போய், புது ரேஷன் கார்டு நகலும் போட்டோவும் வைத்து விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தாள். போட்டோவுக்காகவே இருப்பதில் நல்ல புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள். பட்டியல் ஒட்டிய அன்று போய்ப் பார்த்தால், அதில் பெயரே இல்லை.

"விசாரிக்க வந்தோம்மா. வீடு பூட்டியிருந்தது. தெருவுல கேட்டா, அப்படி ஒருத்தர் இல்லவே இல்லைன்னுட்டாங்க" என்றார் அங்கிருந்த அலுவலர்.

"அங்க எடுத்துட்டாங்க, இங்க இல்லன்றீங்க. அப்ப நான் எங்கதான் கீறேன் சார்?"

அலுவலருக்குச் சங்கடமாகிவிட்டது. இன்னும் நாள் இருக்கிறது, மறுபடி எழுதிக் கொடுங்கள், மறுபடி விசாரிக்க வருகிறோம் என்றார். எந்த நாள் என்று மட்டும் சொல்ல முடியாதாம். வருகிறவருக்காகத் தினமும் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அடுப்பு எரியுமா?

தெருவில் அப்படிச் சொன்னது யார் என்று தேடினால், ரேணுகாம்பாள். நடுத்தெரு மாடிவீட்டுக்காரி. இவளிடம் மீன் வாங்காமல் அந்த வீட்டில் ஒரு ஞாயிறு போனதில்லை. "ஐயோ, அது நீங்களா? மீன்காரம்மா வீடு எதுன்னு கேட்டிருந்தா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன். சாமுண்டீஸ்வரின்னு கேட்டா எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள், முகம் வெளுத்துப்போய்.

சாமுண்டீஸ்வரி சண்டைக்குப் போகவில்லை. ஆனால் சுருக்கென்று தைத்தது. தெருவே இவள் மீனைத் தின்கிறது, ஒருவருக்கும் இவள் பெயர் தெரியாது. அன்றைக்கு மிச்சம் இருந்த நெத்திலியைக்கூட விற்காமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை தெருமுனையில் வேறு மாதிரி குரல் கேட்டது. "சாமுண்டீஸ்வரி வந்துகீறேன்... சங்கரா கீது, மத்தி கீது... கோடி வூட்டு சாமுண்டீஸ்வரி வந்துகீறேன்..." தெரு ஜன்னலைத் திறந்து சிரித்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதே ராகத்தில் கூவிக்கொண்டு ஓடினார்கள். அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, நாள் தவறாமல் கூவினாள். சனிக்கிழமை வந்த லோகு தலையில் அடித்துக்கொண்டான்.

"கட்சிக்காரனே ஆள வச்சுதான் கூவறான். நீ உன் பேர நீயே கூவிகினு கீற."

"கூவறது என் தொழிலு. அந்த மீன் பேரெல்லாம் நான் கூவித்தான தெருவுக்குத் தெரிஞ்சுது?"

விசாரணைக்கு ஆள் மறுபடி வந்தபோதும் வீடு பூட்டித்தான் கிடந்தது. வந்தவர் தெருவில் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு வீட்டிலிருந்து கை நீண்டது. ரேணுகாம்பாள் மொட்டை வெயிலில் படியிறங்கி வந்து, அவரைக் கோடிவரை நடத்திக்கொண்டு போய்ப் பூட்டின கதவுக்கு முன்னால் நிறுத்தினாள். "இதுதான் சார் சாமுண்டீஸ்வரி வீடு. இந்நேரம் சேலையூர்ல வித்துட்டிருப்பாங்க. எழுதிக்கோங்க" என்றாள். துணைப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது.

வாக்குப்பதிவு அன்று காசிமேட்டுக்குப் போகாமல் லீவு போட்டாள். பழைய அடையாள அட்டை கடலோடு போய்விட்டதால், அதற்குப் பதில் எதைக் காட்டலாம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தாள். எந்தப் பள்ளி, எந்த அறை என்பதையும் முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் ரேணுகாம்பாள், அதற்குப் பின்னால் பாதித் தெரு.

உள்ளே முதல் மேஜைக்காரர் பட்டியலில் விரல் வைத்து, கட்சி ஏஜெண்டுகள் சரிபார்த்துக்கொள்வதற்காக அவளுடைய வரிசை எண்ணையும் பெயரையும் படித்தார். காலையிலிருந்து படித்துப் படித்துக் குரல் கம்மிவிட்டது, பாவம்.

"அப்டி முணுமுணுத்தா எப்டி சார்? வாசல்ல நிக்கற கடேசி ஆளுக்குக் கேக்க வேணாமா?"

ஏஜெண்டுகள் சிரித்துவிட்டார்கள். மேஜைக்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அறை அதிர ஒரு முறை படித்தார்.

"சாமுண்டீஸ்வரி!"

அவள் வாசல் பக்கம் திரும்பி, வரிசையை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் பார்த்தாள். அப்புறம்தான் மை வைக்க விரலை நீட்டினாள்.