சபாபதி அங்கிள் சொன்ன கௌபாய் கதை

சபாபதி அங்கிள் போய்விட்டார் என்ற செய்தி, ஆபீஸ் ஷட்டில் பஸ்ஸில் சன்னிவேலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது வந்தது. 'சனிக்கிழமை மேட்னி' வாட்ஸ்அப் குரூப்பில் அவர் மனைவி மீனாட்சி ஆண்ட்டி எழுதியிருந்தார்: "மத்தியானம் தூக்கத்திலேயே போயிட்டார். இந்த வாரம் படம் இல்லை." அந்த நேரத்திலும் படம் இல்லை என்று சொல்ல வேண்டும் என அவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். அதைப் படித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்த மேட்னியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். பிள்ளைகளோடு இருக்க அமெரிக்கா வந்து, கார் ஓட்டத் தெரியாமல் வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் நம் அப்பா அம்மாக்களுக்காக எங்கள் அபார்ட்மெண்ட் கிளப்ஹவுஸில் அவர் நடத்திய கொட்டகை அது. போடுவதெல்லாம் ஹாலிவுட்டின் பழைய கறுப்பு வெள்ளை கௌபாய் படங்கள். ஒரு மணி நேரம்தான் ஓடும். செலவே செய்யாமல் எடுத்தவை. முகமூடி போட்ட ஒருவன் கொலை செய்துகொண்டே போவான், யாரென்று கடைசியில் தெரியும். பேசும் இங்கிலீஷ் பெரியவர்களுக்குப் பிடிபடாது என்பதால் அங்கிள் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்வார். மைக்கெல்லாம் அவர் தொண்டைக்குத் தேவையே இல்லை.

ஹீரோ எந்த ஊருக்குக் குதிரையில் போனாலும் வழியில் ஒரே பாறைதான் வரும். "வந்துட்டாரு பாருங்க நம்ம ஆளு! இந்தப் படத்துல ஹீரோவை விட இந்தப் பாறைக்குத்தான் வேலை ஜாஸ்தி" என்பார். முகமூடிக்காரன் வந்தால், "மூஞ்சியைப் பாக்காதீங்க, பூட்ஸைப் பாருங்க. மூஞ்சியை மூடிட்டான், பூட்ஸ் மாத்த மறந்துட்டான் மடையன்!" கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அம்மா போன பிறகு அப்பாவை மாம்பலத்திலிருந்து எங்களோடு கூட்டிவந்துவிட்டோம். வாரம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் மனிதர், சனிக்கிழமை மட்டும் காலையிலேயே ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்பார். "என்னப்பா, இன்னிக்கு ஹீரோயின் யாரு?" என்று வம்புக்கு இழுப்பேன். அவருக்கு ஒரு படம் ரொம்பப் பிடிக்கும். பண்ணை வீட்டில் ஒரு பெண், கூடவே சக்கர நாற்காலியில் அவள் சித்தப்பா. முகமூடிக்காரன் அவளை நெருங்கிவிட, நடக்கவே முடியாத அந்தச் சித்தப்பா சட்டென்று எழுந்து நிற்பார். "பொண்ணுக்காக எழுந்து நின்னுட்டாருய்யா!" என்று அங்கிள் கத்த, எல்லோரும் கைதட்டுவார்களாம். பிறகு ஊர் போலீஸான ஷெரீஃப் வந்து பெரியவரைக் கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிப்போவாராம். அப்பா இதை என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வார்.

அதனால்தான் அஞ்சலிக் கூட்டத்தில் அந்தப் படத்தையே போடலாம் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். பேரப் பிள்ளைகளும் வருவார்கள், புரியட்டும் என்று இங்கிலீஷ் சப்டைட்டிலைப் போட்டுவிட்டேன். முன்கூட்டி ஒரு தடவை ஓட்டிப் பார்க்கவில்லை. சாஃப்ட்வேரில் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு உத்தியோகம், வெட்கக்கேடு!

சித்தப்பா எழுந்து நின்றார். பெரியவர்கள் பழக்கப்படி கைதட்டினார்கள். அதற்கு மேலே என் மகளின் குரல் கேட்டது: "மாம், ஹீ இஸ் த கில்லர்! அவர் ஃபேக் பண்ணிட்டிருந்தார்!" கைதட்டல் நின்றது. அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மைக்கை எடுத்தேன். "அங்கிள் நம்மளை நல்லா ஏமாத்தியிருக்காரு! கொலைகாரனே இந்தப் பெரியவர்தான். நடக்க முடியாத மாதிரி நடிச்சு, சொத்துக்காகப் பண்ணியிருக்காரு. இப்ப டாக்டர் கிட்ட இல்ல, ஜெயிலுக்குப் போறாரு!" என்று சொல்லிச் சிரித்தேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு ஆண்ட்டி, "அப்ப அவர் சொன்னதெல்லாம் பொய்யாம்மா?" என்றார். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த மனிதரைப் பொய்யராக்கிவிட்டேன்.

மீனாட்சி ஆண்ட்டி எழுந்து வந்தார். "பொய்தான்" என்றார் அமைதியாக. "முதல் தடவை இதைப் போடறதுக்கு முன்னாடி, இங்க வர்ற ஒருத்தர் வீட்டுல தங்க வளையல் காணாம போயிருக்கு. 'நீங்க எங்கயாவது எடுத்து வெச்சீங்களா'ன்னு அவரையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்காங்க. அவர் எங்க வீட்டுக்காரர் கிட்ட சொல்லிக் கண்கலங்கிட்டாராம். இவர் வீட்டுக்கு வந்து, 'வீட்டோட இருக்கற பெரியவர்தான் குற்றவாளின்னு அந்த மனுஷன் முன்னாடி நான் எப்படி மீனா சொல்றது'ன்னார். அப்பவே கதையை மாத்திட்டார்."

யார் வீடு என்று அவர் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. அப்பா குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் புடவைத் தலைப்பை இழுத்து என் கையிலிருந்த வளையலை மறைத்துக்கொண்டேன். உடம்பெல்லாம் கூசியது. இதை எழுதும்போதும் கூசுகிறது.

அடுத்த சனிக்கிழமை காலையில் அப்பா ஷேவ் பண்ணி, சட்டை மாற்றி, ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

"மேட்னி இல்லப்பா."

"தெரியும். அந்தப் படத்தையே இங்க போடு. எழுத்து வேணாம். நீ கதை சொல்லு."

சொன்னேன். அங்கிளைப் போல எனக்கு வரவில்லை. பாறை ஜோக்கைச் சொன்னபோது அப்பா மரியாதைக்குச் சிரித்தார். சித்தப்பா எழுந்து நிற்கும் இடம் வந்தது. "பொண்ணுக்காக எழுந்து நின்னுட்டாருப்பா" என்றேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அப்பா, வளையல் கார் சீட்டுக்கு அடியிலதான் கிடந்துது."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்மா. மறுநாளே கையில போட்டிருந்தியே."

கிடைத்துவிட்டது என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவரும் கேட்கவில்லை. அங்கிள் மட்டும்தான் அந்தப் பழியை, தனக்குத் தெரிந்த வழியில், அந்தப் படம் போடும்போதெல்லாம் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் மாற்றிச் சொன்ன அந்தக் கடைசி வரிதான். படத்தில் ஷெரீஃப் பெரியவரின் கையைப் பிடித்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தான்.

"டாக்டர் கிட்டதாம்ப்பா கூட்டிட்டுப் போறாரு" என்றேன்.