தாழ் போடாத கதவு

உங்களிடம் சுற்றி வளைக்கப் போவதில்லை. என் மகள் பல்கலைக்கழகத்தில் பாடமாக நடத்துவது நான் சொன்ன பொய்யை. அவளுக்கு அது தெரியாது. தெரியவிடாமல் பார்த்துக்கொண்டவளும் நான்தான்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும்; அதுவும் பின்னாளில் கற்றுக்கொண்டது. மெதுவாக எழுதுகிறேன். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

சினிமாவிலும் கதைகளிலும் பத்திரிகைக்காரர்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதுதான் கோமதி நடத்தும் பாடம். இப்படியும் ஒரு படிப்பா என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்டதில்லை. அவளுடைய அப்பா பத்திரிகை நிருபர். உண்மையை எழுதினார். ஒரு சாயங்காலம், தோளில் சணல் பையோடு, "கதவைத் தாழ் போடாதே, வந்துவிடுவேன்" என்று சொல்லிப் போனார். திரும்பவே இல்லை.

இதில் ஒரு சொல்லும் நிஜமில்லை.

அவர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. டெல்லியில், சரோஜினி நகர் குவார்ட்டர்சில் இருந்தோம். ஒருநாள் ஆபீஸ்காரர்களை விருந்துக்கு அழைத்திருந்தார். வந்தவர்களில் ஒருவர் என்னிடம் பேப்பரை நீட்டி, ஊர்ச் செய்தி வந்திருக்கிறது பாருங்கள் என்றார்.

"அவகிட்ட ஏன்வே நீட்டுதீரு? அது கைநாட்டு. தலைகீழாக் குடுத்தாலும் வாங்கிக்கிடும்" என்றார் என் கணவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மறுநாள் அவருடைய பெட்டியை நானே அடுக்கி வாசலில் வைத்தேன். "இனி இந்தப் படி ஏறாதீங்க" என்றேன். போனார். சில நாள் கழித்து வந்து கதவைத் தட்டினார். கூப்பிடவில்லை, தட்ட மட்டும் செய்தார். நான் உள்ளே, தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். கோமதி தூங்கிக்கொண்டிருந்தாள். தட்டல் நின்றது. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது… அதன்பின் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார் என்று கேள்வி.

குவார்ட்டர்சை விட்டு முனிர்காவில் ஓர் அறைக்கு வந்தோம். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தேன். கோமதி "அப்பா எங்கே?" என்று கேட்டபோது, கதவைத் திறக்காதவள் நான் என்று சொல்ல வாய் வரவில்லை. கல்யாணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியில், அவரோடு உட்கார்ந்து பார்த்த படம் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தப் படத்து நிருபரை எடுத்து அவளுக்கு அப்பாவாகக் கொடுத்தேன். சணல் பையோடு, அந்த வாசகத்தோடு.

அவருடைய போட்டோக்களைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது என்றேன். அவை என் கையாலேயே அங்கீட்டிக் கரியடுப்பில் எரிந்து போயின.

அன்று முதல் கோமதி கதவைத் தாழ் போட விட்டதில்லை. இந்த டெல்லியில்! பக்கத்து வீட்டுச் சர்தாரிணி திட்டிப் பார்த்தாள். "அப்பா சொல்லியிருக்காரு ஆன்ட்டி" என்பாள் என் மகள். இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. கதவு இன்றும் வெறுமனே சாத்தித்தான் இருக்கிறது.

போன குளிர்காலத்தில், "இன்னிக்கு நீ என் கிளாசுக்கு வரணும்மா, ஒண்ணு காட்டப்போறேன்" என்று அழைத்துப் போனாள். கடைசி வரிசையில் உட்கார வைத்தாள். பட்டப்பகலில் திரைகளை இழுத்து இருட்டாக்கினார்கள். வெள்ளைத் துணியில் ஒரு பழைய படம் ஓடியது.

வாசல். சாயங்காலம். சணல் பை. அந்த ஆள் மெல்லத் திரும்பினான். "கதவைத் தாழ் போடாதே…"

நான் எடுத்துக் கொடுத்த அதே படம்.

விளக்கு எரிந்ததும் கோமதியின் கண் நிறைந்திருந்தது. இது என் அப்பாவின் வாழ்க்கை, யாரோ கேள்விப்பட்டுப் படமாக்கியிருக்கிறார்கள் என்று வகுப்புக்குச் சொன்னாள். முன்வரிசைப் பெண் ஒருத்தி தயங்கி எழுந்தாள். "மேம், யே ஃபில்ம் தோ பஹ்லே கி ஹை" என்றாள். படம் மேடம் பிறப்பதற்கே முந்தியது, அப்பா காணாமல் போனது அதற்குப் பிறகுதானே என்று கேட்டாள்.

கோமதி என்னைப் பார்த்தாள். சின்ன வயதில், அப்பா எங்கே என்று கேட்ட அதே பார்வை.

"அம்மா… அப்பா நிஜமாவே அப்படித்தானே சொன்னாரு?"

அப்போது சொல்லியிருக்கலாம். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களோ? அத்தனை படித்த பிள்ளைகள் திரும்பி என்னையே பார்த்தார்கள். எனக்கு அந்த விருந்துச் சிரிப்புத்தான் காதில் கேட்டது.

"அவருக்கு அந்தப் படம்னா உசுருல்லா. அதைப் பாத்துத்தான் அப்படிச் சொல்லிட்டுப் போனாரு" என்றேன்.

கோமதியின் முகம் மலர்ந்தது. பார்த்தீர்களா என்று வகுப்பைக் கேட்டுவிட்டு, நிருபரைப் பார்த்துச் சினிமா எடுப்பதில்லை, சினிமாவைப் பார்த்துத்தான் நிருபர் உருவாகிறார் என்று கரும்பலகையில் எழுதினாள். பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். இப்போது அதையே ஒரு புத்தகமாக எழுதுகிறாள். முதல் அத்தியாயம் அவளுடைய அப்பா.

அதோடு முடியவில்லை. அந்த வகுப்பிலிருந்து வந்தது முதல், என் கணவரின் முகம் எனக்கு மறந்துவிட்டது. எவ்வளவு யோசித்தாலும் திரையில் திரும்பிய அந்த முகம்தான் வருகிறது. விருந்தில் சிரித்ததும் அதுதான். கதவைத் தட்டியதும் அதுதான். அழித்தவள் நானே அல்லவா… யாரிடம் போய்க் கேட்பேன்?

நேற்று கோமதி ஒரு கருத்தரங்குக்காக வெளியூர் போனாள். மதியம் நல்ல வெயில். காற்றில்லை. கதவு தானாக ஒரு விரற்கடை அசைந்தது. எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன். அந்தப் பக்கம் யாரோ பொறுமையாக நிற்பதுபோல் இருந்தது.

தாழ் போடவில்லை. திறந்து பார்க்கவும் இல்லை.

இரண்டில் ஒன்றைச் செய்ய இன்னும் மனம் வரவில்லை. இதை எழுதும்போதும் கதவைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்கிறேன்.