ரிப்பன் கட்டிய பூஞ்சை

எங்கள் சயின்ஸ் டீச்சருக்கு எதையும் நேராகச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. இரண்டு சாக்பீஸ் டப்பாக்களில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். ஒன்றில் அழிந்துவரும் உயிர், மற்றதில் எங்கும் கிடைக்கும் உயிர். இரண்டையும் ஒப்பிட்டு எழுத வேண்டும். பக்கத்து பெஞ்சுக்காரிக்குப் புலியும் காக்கையும் கிடைத்தன. எனக்கு வந்தவை கங்கை டால்ஃபினும் கட்டையை உளுத்துப்போகவைக்கும் பூஞ்சையும். ஒன்று நீந்தும், ஒன்று நீந்தாது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் ஓடவில்லை.

டால்ஃபினுக்கு செகந்திராபாத்தில் எங்கே போவது? பூஞ்சை மட்டும் வீட்டிலேயே இருந்தது. எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்புறம் அப்பா பழைய ஸ்லீப்பர் கட்டை ஒன்றை நட்டு, அதற்கும் வேப்பமரத்துக்கும் குறுக்கே கம்பி போட்டு ஊஞ்சல் கட்டியிருந்தார். அந்தக் கட்டையின் அடியில், அப்பளத்தைப் பாதியாக உடைத்துச் செருகியதுபோல மூன்று பூஞ்சைகள். தினமும் ஸ்கேல் வைத்து அளந்தேன். அம்மா பார்த்தால் சுரண்டி எறிந்துவிடுவாள். திங்கட்கிழமை நோட்டைக் காட்டும் வரையாவது இருக்கட்டும் என்று ஒரு சாக்கைச் சுற்றி, என் சிவப்பு ரிப்பனால் கட்டிவைத்தேன்.

தண்டவாளத்தின் கீழே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகள் உளுத்திருக்கின்றனவா என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பதுதான் அப்பாவின் வேலை. பாடத்துக்கு என்று சொல்லிப் பூஞ்சையைப் பற்றி அவரிடமே கேட்டேன்.

"டால்ஃபின் மூச்சு விடறதுக்கு மேல வரும்னு நீதான சொன்ன? இது உள்ள தின்னு முடிச்சிட்டு அப்புறம்தான் வெளிய தலைகாட்டும்."

ஒற்றுமை கிடைத்துவிட்டது! இரண்டும் மறைந்தே வாழ்பவை, வெளியே வந்தால்தான் தெரியும் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். எங்கள் ஊஞ்சலை நான் நினைக்கவே இல்லை.

ஞாயிறு காலை தம்பி உட்கார்ந்து ஓர் ஆட்டு ஆட்டியதும் கட்டை அடியோடு முறிந்தது. அவன் உதடு கிழிந்து ரத்தம். காலனியே கூடிவிட்டது. பெரிய காயமில்லை என்று தெரிந்ததும் அடுத்த வீட்டு மாமா ஆரம்பித்தார்.

"கைக்கு அண்ணே, ஏன் இப்படி? ஊர்க் கட்டையெல்லாம் தட்டறீங்க, வீட்டுக் கட்டைய விட்டுட்டீங்களே?"

எல்லோரும் சிரித்தார்கள். வேலையில் யாரிடமும் ஒரு சொல் கேட்டிராத அப்பா, குனிந்து, ரிப்பனோடு கிடந்த அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹவ், ஆமா, என் தப்புதான். தட்டிப் பாக்காம விட்டுட்டேன்" என்றார்.

நான் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் வகுப்பில் நோட்டைத் திறந்தால், அடிக்கோடு போட்ட பக்கத்தில் சிவப்பு ரிப்பன். அப்பா தன் ரயில்வே பாஸை மடிப்பதுபோல நாலாக மடித்திருந்தது. அம்மாதான் எடுத்து வைத்திருப்பாள், நல்லவேளை அது என் ரிப்பன் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.